ஹிஜெமனி என்றால் வெறும் ஆதிக்கம்தானா?

யாழ்ப்பாணக் கம்பஸில் முதலாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "விரிவுரையில் அடிக்கடி ஹிஜெமனி என்ற சொல் வருகிறது. அகராதியில் மேலாதிக்கம் என்று இருக்கிறது. டொமினன்ஸ் என்ற சொல்லுக்கும் அதே விளக்கம்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு சொல் எதற்கு? '1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் தமிழர் மீது சிங்கள ஹிஜெமனியை நிறுவியது' என்று கட்டுரையில் எழுதினேன். ஹிஜெமனியின் கீழே கோடு போட்டு ஒரு கேள்விக்குறியும் வைத்துத் தந்திருக்கிறார்கள். அதில் என்ன பிழை?"

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குறி வைத்தவரும் நல்ல ஆசிரியர்தான். முதலில் சுருக்கமான விடையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு விரிவாகப் பார்ப்போம். ஒருவர் இன்னொருவருக்கு மேலே இருந்தால் அது டொமினன்ஸ். மேலே இருப்பவர் உலகத்தைப் பார்க்கும் விதமே கீழே இருப்பவரும் பார்க்கும் விதமாகி, "இது இப்படித்தானே இருக்கும், இதில் என்ன கேள்வி" என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டால் அது ஹிஜெமனி. கீழே இருப்பவரின் இணக்கம் அதற்குள் இருக்கவேண்டும். உங்கள் வசனத்தில் அந்த இணக்கம் எங்கே என்பதுதான் கேள்வி.

டொமினன்ஸ் குடும்பத்தை முதலில் முடித்துக்கொள்வோம், அதில் சிக்கல் குறைவு. லத்தீனில் டொமுஸ் என்றால் வீடு, டொமினுஸ் என்றால் வீட்டுக்கு எசமான். அதிலிருந்து வந்தவைதான் டொமினன்ஸ், டொமினேஷன், டொமினியன் எல்லாம். டொமினன்ஸ் ஒரு நிலையைச் சொல்கிறது: யார் மேலே, யார் கீழே என்பது மட்டும். அதற்குள் கண்டனம் கட்டாயமில்லை. உயிரியலில் ஒரு மரபணு ஆட்சியுடையது என்றும், சந்தையில் ஒரு கம்பனி முன்னிலையில் இருக்கிறது என்றும், கிரிக்கெட்டில் ஓர் அணி பத்து வருடம் கோலோச்சியது என்றும் சொல்ல இந்தச் சொல் போதும். டொமினேஷன் அப்படியில்லை. அது செயல், ஒருவர் இன்னொருவரை அடக்கி வைப்பது. சொல்லும்போதே கண்டனம் கேட்கும். டொமினியன் ஆட்சிப் பரப்பு. 1948 பெப்ரவரி 4 முதல் 1972 மே 22இல் குடியரசாகும் வரை இலங்கையே பிரித்தானிய முடியின் கீழ் ஒரு டொமினியனாகத்தான் இருந்தது. சுப்ரமசி என்பது எல்லாவற்றுக்கும் மேலான உச்சநிலை, பாராளுமன்றத்தின் உச்ச அதிகாரம் என்று சொல்வதுபோல. இவை எதிலும் கீழே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது பொருளின் பகுதியாக இல்லை.

ஹிஜெமனியின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே ஹெகெமோன் என்றால் முன்னால் போகிறவர், வழிநடத்துபவர். இது லத்தீன் எசமானிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும் ஆள். எசமானுக்கு அடிமை இருந்தால் போதும். தலைவனுக்குப் பின்னால் வர ஆட்கள் வேண்டும், அதுவும் ஓரளவுக்காவது விரும்பி வரவேண்டும்.

ஏதென்ஸின் கதையைப் பாருங்கள். பாரசீகரை விரட்டியபின், கி.மு. 478இல், ஈஜியன் கடலோர நகரங்களும் தீவுகளும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. தலைமை ஏதென்ஸுக்கு. பொதுப் பணம் டெலோஸ் தீவில் வைக்கப்பட்டது. நகரங்கள் கப்பலாகவோ காசாகவோ தங்கள் பங்கைக் கொடுத்தன. அதுவரைக்கும் அது தலைமைதான். பிறகு நக்சோஸ் தீவு விலகப் பார்த்தபோது ஏதென்ஸ் படையனுப்பி அடக்கியது. கி.மு. 454இல் கூட்டணியின் பணப்பெட்டகம் டெலோஸிலிருந்து ஏதென்ஸுக்கே போய்ச் சேர்ந்தது. பங்கு என்று கொடுத்த காசு கப்பமாக மாறியது. கி.மு. 416இல், கூட்டணியில் சேராமல் ஒதுங்கியிருந்த மெலோஸ் தீவு அடிபணிய மறுத்தது. அதன் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். இந்தக் காலத்தை எழுதிய துசிடிடீஸ், தொடக்கத்தில் இருந்த ஏதென்ஸைத் தன்னாட்சியுள்ள நட்பு நகரங்களின் தலைமை என்று சொல்கிறார். பின்னால் அது ஆர்க்கே, அதாவது பேரரசாட்சி, ஆகிவிடுகிறது. விரும்பிப் பின்தொடர்வதும் பயந்து கீழ்ப்படிவதும் வேறு என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு அன்றைக்கே கூட இருந்தது. உங்கள் கட்டுரையில் விழுந்த கேள்விக்குறிக்கு இரண்டாயிரத்து நானூறு வருட வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு இது 16ஆம் நூற்றாண்டில் வந்து, நெடுங்காலம் அரசுகளுக்கிடையிலான விடயமாகவே புழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசுகளுக்குள் பிரஷ்யாவின் கை ஓங்கியதைச் சொல்லப் பத்திரிகைகள் இதைத்தான் எடுத்தன. ரஷ்யப் புரட்சியாளர்கள், பிளெக்கானோவும் லெனினும், இதை ஒரு நாட்டுக்குள்ளே கொண்டுவந்தார்கள்: சார் மன்னருக்கு எதிரான போராட்டத்தில் தொழிலாளர் வர்க்கம் விவசாயிகளுக்கும் மற்றவர்களுக்கும் தலைமை தாங்குவது என்ற பொருளில். அங்கிருந்து எடுத்து இன்றைக்கு நாம் கம்பஸில் கேட்கும் பொருளைக் கொடுத்தவர் அன்டோனியோ கிராம்சி.

கிராம்சி 1891இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர், பாராளுமன்ற உறுப்பினர். 1926 நவம்பரில் முசோலினியின் அரசு அவரைப் பிடித்தது. 1928இல் இருபது வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதித்தது. 1929இல் சிறையில் எழுத அனுமதி கிடைத்தபின், பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளில் எழுதத் தொடங்கினார். முப்பதுக்கு மேற்பட்ட கொப்பிகள் நிறைந்தன. தணிக்கைக்காரரின் கண் எப்போதும் மேலே இருந்ததால், மார்க்சியம் என்று எழுதவேண்டிய இடத்தில் செயலின் தத்துவம் என்று சுற்றி எழுதினார். உடல் முழுக்கக் கெட்டு, 1937இல் இறந்தார். அந்தக் கொப்பிகளிலிருந்து தொகுத்த பெரிய ஆங்கிலத் தொகுப்பு வந்தது 1971இல். ஹிஜெமனி ஆங்கிலக் கல்வியுலகில் அதற்குப் பிறகுதான் பரவியது.

அவர் தலையைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். 1917இல் ரஷ்யாவில் அரசு விழுந்தது. தொழிற்சாலைகளும் தொழிலாளர் கட்சிகளும் நிறைந்த மேற்கு ஐரோப்பாவில் ஏன் விழவில்லை? அவருடைய விடை இது. மேற்கில் அரசு என்பது முன்னால் தெரியும் ஒரு பதுங்குகுழி மட்டும். அதன் பின்னால் தேவாலயம், பள்ளிக்கூடம், பத்திரிகை, சங்கம், குடும்பம் என்று ஒரு கோட்டையே இருக்கிறது. இவற்றைச் சேர்த்து அவர் சிவில் சமூகம் என்றார். ஆள்பவரின் எண்ணங்கள் அங்கேதான் எல்லோருடைய பொதுப்புத்தியாகவும் மாறுகின்றன. பொலிசு எப்போதாவது ஒரு நாள்தான் வரவேண்டியிருக்கும். மற்ற நாட்களில் மனிதர் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள்.

இதில் இரண்டு விடயங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஹிஜெமனிக்குச் செலவு உண்டு. தலைமை தாங்க விரும்பும் கூட்டம் தன் உடனடி இலாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கீழே இருப்பவருக்கு உண்மையான ஏதோவொன்றைத் தரவேண்டும். வெறும் ஏமாற்றில் இணக்கம் நிலைக்காது. இரண்டு, இணக்கத்தின் பின்னால் பலாத்காரம் எப்போதும் கவசம்போல நிற்கும். இணக்கம் வேலை செய்யும்வரை கவசம் கண்ணுக்குத் தெரியாது.

புத்தகத்தில் படிக்கும்போது இது காற்றில் மிதப்பதுபோல இருக்கும். நம்முடைய ஊரில் இறக்கிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். உங்கள் அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் பழமொழியைக் கட்டாயம் சொல்வார்: "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்." கவர்ன்மெண்ட் யாழ்ப்பாணத்து வாயில் கோறணமேந்து ஆனது. கிராம்சியின் பொதுப்புத்தி என்ற கருத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இந்தப் பழமொழி எங்கிருந்து வந்தது? 1816இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி வைத்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்தச் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்தவர்கள். ஆங்கிலம் படித்தால் கச்சேரியில் (மாவட்ட அரச நிர்வாக அலுவலகத்தில்), தபால் கந்தோரில், ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை. கொழும்புக்கு மட்டுமில்லை, மலாயாவுக்கும் போனார்கள். மாதம் பிறந்தால் ஊருக்கு மணியோடர் வரும். அந்தக் காசில் கல்வீடு எழும், ஓடு ஏறும், தங்கைக்குச் சீதனம் சேரும், கடைசியில் பென்சன். யாழ்ப்பாணத்தின் மணியோடர் பொருளாதாரம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் யாரும் யாரையும் துவக்கைக் காட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வெள்ளைக்காரன் தந்தவை வெறும் பொய்யும் இல்லை. டாக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கவும் செய்தார். எவ்வளவு பெரிய கொடை அது. செலவு உண்டு என்று சொன்னேனே, இப்படித்தான். அதனால்தான் பேரரசின் ஒழுங்கு நம்முடைய வீட்டு ஆசையாகவே மாறியது.

கலியாணப் பேச்சில் இதைக் கிட்ட நின்று பார்க்கலாம். தரகர் மாப்பிள்ளைகளின் சாதகக் கட்டை விரித்தால் டொக்டர், எஞ்சினியர் முதலில், பிறகு கணக்காளர், பிறகு கந்தோர் வேலை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டு ஒரு போகத்தில் கந்தோர்க்காரரின் வருடச் சம்பளத்தை எடுக்கும் கமக்காரர் மகன் கீழே எங்கேயோ கிடப்பார். 1970களின் முதற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்து, கமம் செய்தவர்களின் கையில் காசு புரண்டது. அந்தக் காசை அவர்கள் எங்கே போட்டார்கள்? பெரும்பாலும் பிள்ளையை ரியூட்டரிக்கு அனுப்பி, கம்பஸுக்கு எடுபடவைத்து, கமத்திலிருந்து வெளியே அனுப்புவதில். கமம் இழிவு என்று அவர்களிடம் யாரும் கட்டளையிடவில்லை. தன் தொழிலைப் பிள்ளை செய்யக்கூடாது என்று அவரே நினைத்தார், அதைப் பாசம் என்றே நினைத்தார். அது பாசமும்தான். ஹிஜெமனி பாசத்தோடு கலந்து வரும், அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்த இடத்தில் இந்திய வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவின் வாதத்தையும் சொல்லவேண்டும், உங்கள் பாடத்திட்டத்தில் அவர் வருவார். பிரிட்டிஷ் இந்தியாவில் அரசுக்கு டொமினன்ஸ் இருந்தது, ஹிஜெமனி இருக்கவில்லை என்றார் அவர். வற்புறுத்தல் இணக்கத்தை விஞ்சி நின்றது என்பது அவருடைய கணக்கு. இந்திய விவசாயிகளின் கிளர்ச்சிகளை வைத்துப் பார்த்தால் அது வலுவான வாதம். ஆனால் யாழ்ப்பாணத்து ஆங்கிலம் படித்த வகுப்பை வைத்துப் பார்த்தால், குறைந்தது அவர்கள் மட்டத்திலாவது, இணக்கம் ஆழமாகவே இருந்தது என்பது என் கருத்து. ஒரே பேரரசு ஒரு கூட்டத்துக்கு வெறும் அதிகாரமாகவும் இன்னொரு கூட்டத்துக்கு வாழ்க்கை இலட்சியமாகவும் இருக்கமுடியும்.

எதிர்ப்பும் இங்கேயே இருந்தது, அதுவும் கிராம்சி சொன்ன வகையில். ஆறுமுக நாவலர் (1822–1879) மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்தவர், பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அங்கே கற்ற வித்தைகளையே திருப்பி எடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, அடுத்து அச்சுக்கூடம், பிரசங்கம், எல்லோருக்கும் விளங்கும் வசனநடை, பாலபாடம். கச்சேரியைக் கைப்பற்ற அவர் போகவில்லை. பள்ளிக்கூடத்தையும் அச்சையும் மேடையையும் ஒவ்வொன்றாகப் பிடித்தார். இப்படி மெல்ல மெல்ல இடம்பிடிக்கும் போரை கிராம்சி நிலைப்போர் என்பார். முன்னால் பாய்ந்து அரசைப் பிடிப்பது நகர்வுப்போர். பிறகு 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், காந்தியை 1927இல் இங்கே அழைத்து, முழுச் சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கும் அளவுக்குப் போனது. கோறணமேந்து உத்தியோகத்தைக் கனவு கண்ட ஊரில்தான் அதுவும் நடந்தது. எந்த ஹிஜெமனியும் முழுதாக மூடிவிடுவதில்லை.

நாவலரோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். மிஷனை எதிர்த்து நின்ற அதே சைவச் சமூகம் உள்ளே சாதி ஒழுங்கை அப்படியே வைத்திருந்தது. நாவலரும் அந்த ஒழுங்கை ஏற்றவர். ஒரு ஹிஜெமனியை எதிர்ப்பவர் இன்னொன்றின் தூணாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை விளக்குவது நேர்மையாகாது.

சாதி விடயத்தில் இணக்கமும் பலாத்காரமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று பாருங்கள். மற்றவர்கள் கிளாஸில் தேநீர் குடித்த கடையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் பேணியிலும் ஊற்றிக் கொடுத்தார்கள், அதுவும் வெளியே வைத்து. பொதுக் கிணற்றில் அவர்கள் வாளி போடக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிலத்தில் இருக்கவேண்டும். பல சந்ததிகளாக இது முறை என்றும் வழமை என்றும் சொல்லப்பட்டது. முறை என்று சொல்லிவிட்டால் அடிக்கவேண்டிய தேவை குறைந்துவிடும். ஆனால் 1930ஐ ஒட்டி உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் தாளில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளுக்குள்ளே போய் உட்கார்ந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை அடித்தார்கள்.

கிளாஸில் தேநீர் கேட்ட அந்த நிமிடத்தில்தான் கவசம் வெளியே தெரிந்தது. அதுவரை முறை என்று இருந்தது அடியாக மாறியது. ஆனபடியால் கட்டுரையில் எழுதும்போது, அமைதி நிலவிய காலத்தையும் முழு இணக்கம் என்று எழுதிவிடாதீர்கள். வாய் திறக்காமல் இருந்தவர் எல்லாம் ஒத்துக்கொண்டவர் இல்லை. பயத்தில் பேசாமல் இருந்தவரும் அதற்குள் இருப்பார். ஹிஜெமனி என்ற சொல்லைக் கையாள்பவர் செய்யும் மோசமான பிழை, ஒடுக்கப்பட்டவர் தன் ஒடுக்குமுறையை விரும்பினார் என்று சொல்லிவிடுவது. இந்த இடத்தில் நான் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, இப்போது உங்கள் வசனத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க உத்தியோக மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. கோறணமேந்தை நம்பியிருந்த யாழ்ப்பாணத்தின் வயிற்றிலேயே அது அடித்தது. அதைத் தமிழர்கள் இயல்பு என்று ஏற்றார்களா? சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்றே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அடியும் வாங்கினார்கள். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மாதக்கணக்காக மறியல் நடந்தது. கடைசியில் அவசரகாலச் சட்டத்தோடு இராணுவம் வந்துதான் அதைக் கலைத்தது. இணக்கம் எங்கேயும் இல்லை. ஆகவே தமிழர் மீது நிறுவப்பட்டது டொமினேஷன். வேண்டுமானால் குஹாவின் வழியில், ஹிஜெமனி இல்லாத டொமினன்ஸ் என்று எழுதலாம்.

ஆனால் அதே சட்டத்தைத் தெற்கில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆங்கிலத்தைச் சிங்கள இளைஞர்கள் கடுவ என்பார்கள், வாள் என்று பொருள். அது தங்களை வெட்டும் ஆயுதம் என்று அவர்களுக்குப் பட்டது. ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்தின் கையில் அதிகாரம் இருந்தது பற்றிய அந்தக் கோபம் நியாயமானது. அதைச் சிங்களம் மட்டும் என்ற கோரிக்கையோடு முடிச்சுப் போட்டு, பிக்குகள், சுதேச வைத்தியர்கள், கிராமத்து ஆசிரியர்கள் எல்லோரையும் ஒரே அணியில் கொண்டுவந்தார்கள். நாட்டின் நலனும் சிங்கள மொழியின் நலனும் ஒன்றே என்பது அங்கே பொதுப்புத்தியாக மாறியது. அதுதான் ஹிஜெமனி. ஆக உங்கள் வசனத்தில் சொல் பிழையில்லை, அதை வைத்த இடம்தான் பிழை. இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: "1956இல் சிங்கள மொழித் தேசியவாதம் தெற்கில் ஹிஜெமனியைப் பெற்றது, தமிழர் மீது அது டொமினேஷனாகவே செயற்பட்டது." இந்த ஒரு வசனத்தை நன்றாக விளக்கினாலே உங்கள் கட்டுரையில் இரண்டு பக்கம் வரும்.

சர்வதேச உறவுகள் பாடத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உசாராக இருங்கள். அங்கே இணக்கம் அவ்வளவு அழுத்தம் பெறுவதில்லை. ஒரு பிராந்தியத்தில் யார் பெரிய ஆள் என்பதே பெரும்பாலும் பொருள். 1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனா போனபோது வெளியிட்ட ஷாங்காய் அறிக்கையில், ஆசிய-பசுபிக் பகுதியில் இரு நாடுகளும் ஹிஜெமனியைத் தேடக்கூடாது என்று எழுதினார்கள். யாரை மனதில் வைத்து என்றால் சோவியத் யூனியனை. 1978இன் சீன-ஜப்பான் உடன்படிக்கையிலும் இதே சொல் ஏறியது. நம்முடைய பத்திரிகைகளில் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் காலத்திலிருந்து வரும் பிராந்திய மேலாதிக்கம், பிராந்திய வல்லரசு என்ற தொடர்களெல்லாம் இந்த வகைதான். ஹெஜெமன் என்று ஒரு நாட்டைச் சொன்னால் இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

தமிழில் என்ன எழுதுவது? அகராதி தரும் மேலாதிக்கம் இந்தப் பத்திரிகைப் பொருளுக்குப் பொருந்தும், டொமினேஷனுக்கும் பொருந்தும். கிராம்சியின் பொருளுக்குப் போதாது, ஏனென்றால் ஆதிக்கம் என்றதும் இணக்கம் காணாமல்போகிறது. கருத்தியல் மேலாண்மை என்று எழுதுவோர் உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். தமிழ்நாட்டில் மேலாண்மை என்றால் கம்பனி நிர்வாகம் என்று விளங்கிவிடும். இங்கே அதற்கு முகாமைத்துவம் என்று தனிச்சொல் இருப்பதால் அந்தக் குழப்பம் நமக்குக் குறைவு. சோதனையில் எழுதும்போது முதல் தடவை ஹிஜெமனி எனும் கருத்தியல் மேலாண்மை என்று எழுதிவிட்டு, அதன்பிறகு ஏதாவது ஒன்றையே கடைசிவரைக்கும் பிடியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சொல்லை மாற்றினால் திருத்துபவர் உங்களுக்கே தெளிவில்லை என்று நினைப்பார்.

இன்றைய உதாரணம் ஒன்றும் தருகிறேன், வீட்டிலேயே பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளரும் சின்னப் பிள்ளைகள் இப்போது கதைக்கிறது என்பதை விட்டுப் பேசறது என்கிறார்கள், பேந்து போய் அப்புறம் வந்துவிட்டது, சரியான வடிவு என்ற இடத்தில் ரொம்ப அழகு. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் யூடியூபும் செய்த வேலை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதைவிட முக்கியமாக, உள்ளூரில் விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவரும் ஒலிவாங்கியைப் பிடித்ததும் சென்னைத் தமிழுக்கு மாறுகிறார், அதுதான் ஸ்டைல் என்று. மாறும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். ஹிஜெமனி என்று எழுத அது தகுதியான இடம். தொலைக்காட்சியில் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் எண்ணிக்கையில் அதிகம் என்று மட்டும் சொல்வதானால் டொமினன்ஸ் போதும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது சில விடயங்கள். யாருடைய ஹிஜெமனி என்பதற்கு ஒஃப், யார் மீது என்பதற்கு ஓவர், எந்தத் துறையில் என்பதற்கு இன். ஏதென்ஸின் ஹிஜெமனி, ஈஜியன் நகரங்களின் மீது, கடல் வணிகத்தில் என்று மூன்றையும் ஒரே வசனத்திலும் போடலாம். கூட வரும் வினைகள் எஸ்டாப்ளிஷ், மெய்ன்டெய்ன், எக்ஸர்ஸைஸ், சலஞ்ச். இதைப் பொதுவாக எண்ணமுடியாத பெயராகவே எழுதுவார்கள். பன்மையில் எழுதினால் வேறு வேறு ஹிஜெமனிகளை ஒப்பிடும்போது மட்டும் எழுதுங்கள். பெயரடை ஹெஜெமோனிக். ஆவுஸ்திரேலியச் சமூகவியலாளர் கொனல் பிரபலமாக்கிய ஹெஜெமோனிக் மஸ்குலினிட்டி என்ற தொடரை அடுத்த வருடம் படிப்பீர்கள்: ஆண்மை என்றால் இதுதான் என்று பெரும்பாலான ஆண்களே எட்டமுடியாத ஒரு மாதிரியை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் நிலை. எதிர்ப்பைச் சொல்ல முன்னால் கவுன்டர் சேர்க்கலாம். ஒரு கம்பனி சந்தையில் எழுபது வீதத்தை வைத்திருக்கிறது என்பதற்கு ஹிஜெமனி வேண்டாம். அதற்கு டொமினன்ஸ்தான் சட்டத்திலும் பொருளியலிலும் வழக்கம்.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்படவேண்டாம். அமெரிக்கர் ஹிஜெமனி என்பார்கள். பிரித்தானியர் சிலர் அப்படியும் சிலர் ஹிகெமனி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். ஹெஜிமனி என்று முதல் அசையில் அழுத்திச் சொல்பவர்களையும் கேட்பீர்கள், அதுவும் பிழையில்லை.